இடர்ப் பதிவேடும் முன்னேற்றக் கணக்கும்

வேளாண் பல்கலைக்கழகச் சீர்திருத்தத் திட்டம் ஒன்று கைக்கு வந்ததும் முதல் சில வாரங்களிலேயே இரண்டு ஆவணங்களைக் கேட்பார்கள். ஒன்று இடர்ப் பட்டியல், மற்றொன்று முன்னேற்றக் குறியீடுகளின் அட்டவணை. பெரும்பாலும் இவற்றை வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு கோப்பில் எழுதுகிறார்கள். இடர்ப் பட்டியல் திட்ட ஆவணத்தின் பின்னிணைப்பில் போய்த் தங்கிவிடும். குறியீட்டு அட்டவணையை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாரோ நிரப்பி மேலே அனுப்புவார்கள். இரண்டும் ஒரே வேலை என்பதுதான் இந்த அத்தியாயம் முழுவதும் நான் வலியுறுத்தப்போவது. ஒவ்வொரு இடரும் எந்தக் குறியீட்டை அடிக்கும், எப்போது அடிக்கும் என்று எழுதாத பட்டியலால் பயனில்லை. எந்த இடர் நெருங்கி வருகிறது என்று காட்டாத முன்னேற்ற அறிக்கை நடந்து முடிந்ததை மட்டுமே சொல்லும். அதைப் படிப்பவரால் எதையும் திருத்த முடியாது.

பணம் ஒரு வாசலில், அனுமதி இன்னொரு வாசலில்

இந்திய அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 14ஆம் இனம் வேளாண்மை. வேளாண் கல்வியும் ஆராய்ச்சியும் அதிலேயே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அதனால் மாநில வேளாண் பல்கலைக்கழகத்தின் சம்பளமும் பணியிட ஒப்புதலும் மாநில அரசின் கையில். பாடத்திட்ட நெறிமுறை, அங்கீகாரம், வளர்ச்சி மானியம் ஆகியவை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கையில். சீர்திருத்தத் திட்டங்களுக்கான பணம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியாகவே வருகிறது. 1995இல் உலக வங்கிக் கடனுதவியோடு ஆந்திரம், அரியானா, தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களில் தொடங்கிய வேளாண் மனிதவள மேம்பாட்டுத் திட்டமும், 2017இல் ஒப்புதல் பெற்ற தேசிய வேளாண் உயர்கல்வித் திட்டமும் இந்த இரட்டை ஏற்பாட்டில்தான் நடந்தன. பின்னதன் தொடக்க மதிப்பீடு 16.5 கோடி டாலர், நம் கணக்கில் 1,100 கோடி ரூபாய். அதில் சரிபாதி உலக வங்கிக் கடன், மறுபாதி இந்திய அரசின் பங்கு.

இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே முதல் இடர் இருக்கிறது. புதிய ஆய்வகத்துக்கான பணம் டெல்லியிலிருந்து வந்துவிடும். அந்த ஆய்வகத்தில் நிற்க வேண்டிய உதவிப் பேராசிரியர் பணியிடத்தை நிரப்பும் அனுமதி சென்னையிலிருந்தோ லக்னோவிலிருந்தோ பாட்னாவிலிருந்தோ வர வேண்டும். ஒரு வாசல் திறந்திருக்கிறது என்பதற்காக மற்றதும் திறக்கும் என்று எடுத்துக்கொண்டு போட்ட திட்டங்கள் முதல் ஆண்டிலேயே சிக்கிக்கொள்கின்றன. ஆகவே திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன்பே மாநில நிதித் துறையிடமிருந்து எழுத்தில் ஒன்று வாங்கிவிடுங்கள்: எந்தப் பணியிடங்கள், எந்தத் தேதிக்குள், எந்தத் தலைப்பின்கீழ். வாய்மொழி உறுதி அதைத் தந்த செயலாளர் அந்த நாற்காலியில் இருக்கும்வரை மட்டுமே செல்லும்.

ஆளில்லாத நாற்காலி

1960இல் பந்த்நகரில் இந்தியாவின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் துணையோடு அமெரிக்க நிலக்கொடைப் பல்கலைக்கழக மாதிரியைக் கொண்டுவந்தார்கள். கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் மூன்றும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பு என்பது அந்த மாதிரியின் உயிர். 1971இல் கோயம்புத்தூரில் அமைந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதே வழியில் வந்தது. இதன் நன்மையை நாம் எல்லோரும் அறிவோம். இடர்க் கண்ணோட்டத்தில் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஒரே ஆசிரியர் காலையில் பாடம் எடுக்கிறார், பகலில் சோதனைப் பாத்திகளைப் பார்க்கிறார், மாலையில் விவசாயிகள் கூட்டத்துக்குப் போகிறார். சீர்திருத்தத் திட்டம் அவர் தலையில் நான்காவது வேலையாக இறங்குகிறது. துறையில் பாதி இடங்கள் காலியாக இருந்தால் அது ஐந்தாவது, ஆறாவது வேலை.

என் கணிப்பில், வேளாண் பல்கலைக்கழகச் சீர்திருத்தத்துக்குப் பணத் தட்டுப்பாட்டை விடப் பெரிய ஆபத்து ஆள் தட்டுப்பாடுதான். அது மூன்று வகையில் வரும்.

முதலாவது தலைமை மாற்றம். தமிழ்நாட்டில் துணைவேந்தர் பதவிக்காலம் மூன்றாண்டு. திட்டங்களோ ஐந்தாண்டுக்கு எழுதப்படுகின்றன. ஆக, எந்தத் திட்டமும் குறைந்தது இரண்டு துணைவேந்தர்களைப் பார்த்தே தீரும். இடையில் பதவி காலியாகிப் பொறுப்புக் குழு நிர்வாகம் பார்க்கும் மாதங்கள் வந்தால், கொள்கை முடிவு எதுவும் நகராது. இது எதிர்பாராத நிகழ்வு இல்லை. காலண்டரில் தேதி குறித்து வைக்கக்கூடிய இடர். பதவிக்காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே மேலாண்மைக் குழுவிலும் கல்விக்குழுவிலும் நிறைவேற வேண்டிய தீர்மானங்களைப் பட்டியலிட்டு முடித்துவிட வேண்டும். துணைவேந்தரின் தனிப்பட்ட ஆர்வத்தை நம்பி ஓடும் சீர்திருத்தம் கல்விக்குழுத் தீர்மானமாக மாறிவிட்டால், அடுத்து வருபவர் அதை நிறுத்தவும் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டியிருக்கும். அந்த ஒரு தடையே பல நல்ல வேலைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

இரண்டாவது, முதன்மை ஆய்வாளரின் இடமாற்றமும் ஓய்வும். பொறுப்பாளர் பெயருக்கு அருகில் துணைப் பொறுப்பாளர் பெயரும், இருவரின் ஓய்வு பெறும் தேதியும் பதிவேட்டில் இருக்கட்டும். மூன்றாவது, ஒப்பந்த ஊழியர்கள். திட்டத்தின் உண்மையான தினசரி வேலையைச் செய்வது சீனியர் ரிசர்ச் ஃபெலோக்களும் ரிசர்ச் அசோசியேட்களும் கணக்கு உதவியாளர்களும்தான். மானியத் தவணை தாமதமானால் முதலில் நிற்பது அவர்கள் சம்பளம். இரண்டு மாதம் சம்பளம் இல்லாமல் இருந்தவர் மூன்றாவது மாதம் வேறு வேலைக்குப் போய்விடுவார். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லும், எந்தக் கோப்பில் எது இருக்கிறது என்ற நினைவும் அவரோடே போய்விடும். பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியிலிருந்து மூன்று மாதச் சம்பளத்தை முன்பணமாகத் தரும் ஏற்பாட்டை நிதிப் பொறுப்பாளரான கம்ப்ட்ரோலரிடம் முதல் மாதமே பேசி முடியுங்கள். செலவு சிறியது. அது காக்கும் வேலை பெரியது.

ஒரு வரியை எப்படி எழுதுவது

உலக வங்கி 2014 முதல் தன் திட்டங்களின் இடரை ஒரே சீரான அட்டவணையில் மதிப்பிடுகிறது. அரசியலும் ஆளுகையும், பொருளாதார நிலை, துறைக் கொள்கை, தொழில்நுட்ப வடிவமைப்பு, நிறுவனத் திறன், நிதி நிர்வாகம், சுற்றுச்சூழலும் சமூகமும், தொடர்புடையோர் எனத் தலைப்புகள் வரும். ஒவ்வொன்றுக்கும் உயர், கணிசம், மிதம், குறைவு என நான்கில் ஒரு தரம். தலைமை அலுவலகம் நூற்றுக்கணக்கான திட்டங்களை ஒப்பிட இது வசதி. ஒரு கல்லூரி டீனுக்கு இது போதாது. 'நிறுவனத் திறன்: கணிசம்' என்று எழுதியிருந்தால் அவர் திங்கட்கிழமை காலை என்ன செய்வார்?

பதிவேட்டின் ஒவ்வொரு வரியும் ஒரு முழு வாக்கியமாக இருக்க வேண்டும். காரணம், நிகழ்வு, விளைவு மூன்றும் அதில் வேண்டும். அதன் எதிரே, ஆபத்து வருவதற்கு முன் கண்ணில் படும் அறிகுறி என்ன, அதை யார் பார்ப்பார், எந்தத் தேதியில் பார்ப்பார், அறிகுறி தெரிந்தால் எவ்வளவு செலவு செய்யும் அதிகாரம் அவருக்கு உண்டு என்று எழுதுங்கள். கடைசிப் பகுதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதிகாரம் இல்லாத பொறுப்பாளர் இடர் வருவதைப் பார்த்துக்கொண்டு இருக்கத்தான் முடியும்.

ஒரு எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பூச்சிக்கொல்லி எச்சத்தைச் சோதிக்க எச்பிஎல்சி கருவி வாங்கப்படுகிறது. வழக்கமான இடர்ப் பட்டியல் 'கொள்முதல் தாமதம்' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் இந்தக் கருவி பயன்படாமல் போவதற்குத் தாமதம் ஒரு காரணம் மட்டுமே. கருவி வந்து இறங்கும் நாளில் அறையில் குளிர்சாதனம் இருக்க வேண்டும். போதுமான மின் இணைப்பும் சரியான எர்த்திங்கும் யுபிஎஸ்சும் இருக்க வேண்டும். அந்த வேலைகள் எஸ்டேட் ஆபீசர் பொறுப்பு, வேறு கோப்பு, வேறு டென்டர். பிரிப்புக் குழாய்கள், தூய கரைப்பான்கள் போன்ற நுகர்பொருட்களுக்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும், ஆனால் திட்டத்தில் கருவிக்கு மட்டுமே தலைப்பு இருக்கும். நிறுவ வரும் நிறுவனப் பொறியாளர் இரண்டு நாள் பயிற்சி கொடுப்பார். அந்த இரண்டு நாளும் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர் ஒப்பந்த ஊழியர் என்றால், அவர் விலகும்போது கருவியை இயக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. உத்தரவாதக் காலம் கருவி இறங்கிய நாளிலிருந்தா, நிறுவிய நாளிலிருந்தா என்று கொள்முதல் ஆணையில் எழுதாவிட்டால், அறை தயாராவதற்குள் உத்தரவாதத்தில் பாதி கரைந்துவிடும். பிறகு ஏஎம்சி எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடப் பணமில்லை என்று கோப்பு திரும்பி வரும்.

இதைப் பதிவேட்டு வாக்கியமாக்கினால் இப்படி வரும்: 'அறையின் மின் வேலை கருவி வாங்கும் கோப்போடு சேர்க்கப்படாததால், கருவி வந்த பிறகும் நிறுவப்படாமல் கிடக்கலாம். அப்படி ஆனால் இரண்டாம் ஆண்டு முதுநிலை மாணவர்களின் ஆய்வு ஒரு பருவம் தள்ளிப்போகும்.' முன்னறிகுறி: கொள்முதல் ஆணை வெளியாகும் நாளில் மின் வேலைக்கான டென்டர் திறக்கப்படாமல் இருப்பது. பார்ப்பவர்: எஸ்டேட் ஆபீசரும் துறைத் தலைவரும், இருவரும் கையெழுத்திட வேண்டும். எந்தக் குறியீடு அடிபடும்: உரிய காலத்தில் பட்டம் பெறும் மாணவர் விழுக்காடு. இந்த ஒரு வரி, மின் வேலை தாமதமானதற்கும் மாணவர் பட்டம் தாமதமாவதற்கும் இடையே கோடு போட்டுவிடுகிறது. டீன் எதற்குத் தொலைபேசியை எடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

இருபது வரிக்கு மேல் பதிவேடு நீள வேண்டாம். நூறு வரி எழுதினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

வெளியிலிருந்து வருபவை

சில இடர்களைப் பல்கலைக்கழகம் தடுக்க முடியாது. தாங்கும்படி திட்டத்தை அமைக்கத்தான் முடியும். இலங்கையில் உயர்கல்வி விரிவாக்கத்துக்காக 2017இல் உலக வங்கி 10 கோடி டாலர் ஒப்புக்கொண்ட திட்டம் நடந்துகொண்டிருந்தபோதே 2022இன் நெருக்கடி வந்தது. மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது மே மாதத்துக்குள் 360 ரூபாயை ஒட்டிப் போய்விட்டது. ரூபாயில் மதிப்பீடு போட்டு, வெளிநாட்டுக் கருவிக்கு டென்டர் விட்டிருக்கும் எந்த ஆய்வகமும் இந்த வேகத்தைத் தாங்காது. எரிபொருள் இல்லாமல் மாணவர்கள் வளாகத்துக்கே வர முடியாத வாரங்களும் அந்த ஆண்டில் இருந்தன. கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் போல நகரத்திலிருந்து தள்ளி இருக்கும் வளாகங்களைப் பொறுத்தவரை போக்குவரத்துத் தடை என்பதே பாடம் நின்றுபோவதுதான். இறக்குமதிக் கருவிகளை முதல் ஆண்டிலேயே ஆணையிடுவது, டாலர் மதிப்பில் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது, வாங்கும் பட்டியலை 'இது இல்லாமல் முடியாது', 'இருந்தால் நல்லது' என்று இரண்டாகப் பிரித்து வைப்பது ஆகிய மூன்றும் இங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை.

2020 மார்ச் ஊரடங்கு தேசிய வேளாண் உயர்கல்வித் திட்டத்தின் நடுவில் வந்தது. ஆசிரியர்களையும் மாணவர்களையும் வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பும் வேலை நின்றது. இணையவழிக் கற்பித்தலுக்கான முதலீட்டுக்கு அதே நேரத்தில் புதிய தேவை பிறந்தது. மாற்றி ஒதுக்கும் அதிகாரம் யாரிடம், எத்தனை நாளில் என்று முன்கூட்டியே தெளிவாக இருக்கும் இடங்களில் பணம் விரைவாகத் திசை மாறும். மற்ற இடங்களில் காத்துக் கிடக்கும்.

மழையையும் மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் விடுதிக் கட்டடத்துக்குக் கூரை போடுவதாக அட்டவணை இருந்தால், அதைப் போட்டவருக்கு ஊர் தெரியாது என்று பொருள். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் தென்னைகளைச் சாய்த்துப்போட்டதைப் பார்த்தவர்கள், பல்லாண்டுப் பயிர் ஆய்வை ஒரே வளாகத்தில் மட்டும் வைக்கத் துணிய மாட்டார்கள்.

முன்னேற்றம் என்று எதை எழுதுவது

மிக எளிதாகக் கிடைக்கும் எண் செலவு விழுக்காடு. கணக்குப் பிரிவு அதை எப்போதும் வைத்திருக்கும். அதனால் ஆய்வுக் கூட்டம் முழுவதும் அதைச் சுற்றியே ஓடிவிடும். டிசம்பர் வரை முப்பது விழுக்காடு, மார்ச் 31இல் தொண்ணூற்றைந்து விழுக்காடு என்ற கணக்கு எல்லா வளாகங்களுக்கும் பழக்கம். அந்தக் கடைசி மூன்று மாதத்தில் வாங்கியவை எங்கே இருக்கின்றன என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். எனவே செலவுக் கட்டத்தை நான்காகப் பிரியுங்கள்: ஆணையிட்டது, வந்து சேர்ந்தது, நிறுவியது, பயன்பட்டது. நான்காவதற்கு ஆதாரம் லாக் புக். கருவி அறையில் லாக் புக்கைத் திறந்து, கடைசிப் பதிவின் தேதியையும் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். எல்லா வரிகளும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால், குறிப்பிட்ட மாதிரியின் முடிவுத் தாளைக் கேளுங்கள். கேட்கும்போது குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். அந்த அறையில் இருக்கும் இளைஞருக்கு மேலிருந்து வந்த அழுத்தம் நமக்குத் தெரியாதது இல்லை.

பல்கலைக்கழகச் சீர்திருத்தத்தின் இறுதிப் பலன் மாணவரிடம்தான் தெரிய வேண்டும். தேசிய வேளாண் உயர்கல்வித் திட்டம் உரிய காலத்தில் பட்டம் பெறுவோர், வேலைவாய்ப்பு, ஆசிரியர்களின் ஆய்வுத் தரம், பல்கலைக்கழகம் தானே ஈட்டும் வருவாய் போன்றவற்றை எடுத்துக்கொண்டது சரியான தேர்வு. ஆனால் இவை ஒவ்வொன்றும் வரையறையில் வழுக்கும்.

வேலைவாய்ப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு கல்லூரியில் ஓராண்டு 120 பேர் இளநிலைப் பட்டம் பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 பேர் முதுநிலைக்குப் போகிறார்கள். மீதி 80. ஆறு மாதம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டால் 50 பேர் கிடைக்கிறார்கள், 30 பேர் கிடைக்கவில்லை. கிடைத்த 50இல் 35 பேர் வேலையில் இருக்கிறார்கள். அந்த 35இல் 21 பேர் வேளாண் சார்ந்த வேலையில். இப்போது வேலைவாய்ப்பு எவ்வளவு? பேசியவர்களில் 70 விழுக்காடு. வேலை தேடியவர்களில் 44 விழுக்காடு. வேலை தேடியவர்களில் வேளாண் வேலைக்குப் போனவர்கள் 26 விழுக்காடு. ஒரே கல்லூரி, ஒரே ஆண்டு, மூன்றும் உண்மை. முதல் ஆண்டு 26 என்றும் நான்காம் ஆண்டு 70 என்றும் எழுதினால் பெரும் வெற்றி போலத் தெரியும். களத்தில் எதுவும் மாறியிருக்காது. எதை எதால் வகுக்கிறோம் என்பதை முதல் ஆண்டிலேயே ஒரு பக்கத்தில் எழுதி, கல்விக்குழுவில் வைத்து, திட்டம் முடியும்வரை தொடாதீர்கள். தொலைபேசியில் கிடைக்காதவர்களை வேலை கிடைக்காதவர்களாகவே எண்ணுங்கள். அது சற்றுக் கடுமைதான். ஆனால் கிடைக்காதவர்களைத் தேடிப் பிடிக்கும் அக்கறையை அது கல்லூரிக்குக் கொடுக்கும். வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வுக்கோ அரசுப் பணித் தேர்வுக்கோ படித்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்களுக்குத் தனிக் கட்டம் வையுங்கள். நம் மாணவர்களில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறார்கள், அந்தக் காத்திருப்பு எத்தனை ஆண்டு நீள்கிறது என்பது பாடத்திட்டக் குழுவுக்குத் தெரிய வேண்டிய செய்தி.

உரிய காலத்தில் பட்டம் என்பதும் அப்படித்தான். வேளாண் இளநிலைப் படிப்பு எட்டுப் பருவம். இந்த விழுக்காட்டை உயர்த்த நேர்வழி, பின்தங்கும் மாணவரை இரண்டாம் பருவத்திலேயே கண்டுபிடித்து உதவுவது. குறுக்குவழி, தேர்வை இளக்குவது. இரண்டும் ஒரே எண்ணைத்தான் தரும். ஆகவே இந்தக் குறியீட்டின் பக்கத்திலேயே காவலாக இன்னொன்றை வைக்க வேண்டும்: வெளித் தேர்வாளர் திருத்திய தாள்களின் சராசரி அல்லது தேசிய அளவிலான முதுநிலை நுழைவுத் தேர்வில் கல்லூரியின் தேர்ச்சி. ஒன்று ஏறி மற்றது இறங்கினால் உடனே விசாரியுங்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆறாவது டீன்கள் குழு வகுத்த பாடத்திட்டம் 2024–25 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு புதிய சிக்கல் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஓராண்டு முடித்துச் சான்றிதழோடும் இரண்டாண்டு முடித்துப் பட்டயத்தோடும் மாணவர் வெளியேறலாம். அவர் இடைநின்றவரா, முடித்தவரா? இன்றே முடிவு செய்து எழுதி வையுங்கள். மூன்றாண்டு கழித்துச் செய்தால், எண்ணைப் பார்த்துவிட்டு வரையறையை வளைக்கும் ஆசை வரும்.

அடித்தள ஆண்டைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் எச்சரிக்கை. ஒற்றை ஆண்டை எடுக்காமல், திட்டத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரியை எடுங்கள். 2020, 2021 ஆண்டுகளின் தேர்வு முடிவுகளை அடித்தளமாக வைக்கவே வேண்டாம். இணையவழித் தேர்வும் தள்ளிப்போன பருவங்களும் அந்த எண்களை எதனோடும் ஒப்பிட முடியாதவையாக ஆக்கிவிட்டன.

ஆய்வுக் கூட்டத்தின் காலமும் இடமும்

கடன் கொடுப்பவர் தன் அறிக்கையை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதுகிறார். கருவூலம் காலாண்டைப் பார்க்கிறது. பல்கலைக்கழகம் பருவத்தில் வாழ்கிறது, வயல் பயிர்க் காலத்தில் வாழ்கிறது. இவற்றில் உங்கள் உள் ஆய்வுக் கூட்டத்துக்குப் பருவத்தையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு முறை: பாடம் தொடங்கி ஆறு வாரத்தில் ஒன்று, முடிவு வெளியான பதினைந்து நாளில் மற்றொன்று. முதல் கூட்டத்தில் இன்னும் திருத்த நேரம் இருக்கிறது. இரண்டாவதில் திருத்தியது பலித்ததா என்று தெரியும்.

ஒவ்வொரு பருவத்திலும் முதல் கூட்டத்தைத் தலைமையகத்துக்கு வெளியே, உறுப்புக் கல்லூரி ஒன்றில் வைக்கச் சொல்லிப் பரிந்துரைப்போர் உண்டு. என் கருத்தில் அவ்வளவு அடிக்கடி தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கிள்ளிகுளத்திலோ பெரியகுளத்திலோ கூடினால் போதும், ஆனால் கூடும்போது மாணவர்கள் கிராமத் தங்கல் பணியில், நாம் 'ராவே' என்று அழைக்கும் பயிற்சியில், இருக்கும் காலமாகப் பார்த்துக் கூடுங்கள். மாணவிகள் தங்கியிருக்கும் கிராமத்துக்குப் போய், அவர்கள் தயாரித்த கிராம வரைபடத்தைப் பார்த்து, அவர்களை ஏற்றுக்கொண்ட விவசாயியிடம், 'இந்தப் பிள்ளைகள் வந்து உங்களுக்கு என்ன பலன், ஐயா?' என்று கேளுங்கள். பாடத்திட்டச் சீர்திருத்தம் வயலுக்கு வந்து சேர்ந்ததா என்பதற்கு இதைவிட நேரான சோதனை எனக்குத் தெரியாது. தங்குமிடத்தில் கழிப்பறை, இரவுப் பாதுகாப்பு, உள்ளகப் புகார்க் குழுவின் தொலைபேசி எண் மாணவிகளுக்குத் தெரியுமா என்பதையும் அதே பயணத்தில் பார்த்துவிடுங்கள். வேளாண் படிப்பில் பெண்கள் பெருகி வரும் காலத்தில் இது சமூக இடர் என்ற தலைப்பின்கீழ் வரும் சடங்கு வரியாக இருக்கக் கூடாது.

கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் பதிவேட்டிலிருந்தே வர வேண்டும். முந்தைய கூட்டத்துக்குப் பிறகு எந்த முன்னறிகுறி தெரிந்தது, அதற்கு என்ன செய்யப்பட்டது, எந்த வரியை இனி நீக்கலாம், எது புதிதாகச் சேர்கிறது. செலவு அறிக்கை இவற்றுக்குப் பிறகு. கெட்ட செய்தியை முதலில் கொண்டுவரும் நோடல் ஆபீசரைத் துணைவேந்தர் எல்லோர் முன்னும் பாராட்ட வேண்டும், மனமாரப் பாராட்ட வேண்டும். ஒருமுறை அவரைக் கடிந்துவிட்டால் அடுத்த கூட்டத்திலிருந்து எல்லாப் பெட்டிகளும் பச்சை நிறத்தில் வரும். உலக வங்கியின் ஆறு படித் தர வரிசையில் 'ஓரளவு திருப்தி' என்ற படியில் பல திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுவதற்கும் இதே அச்சம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆசிரியர்களின் எதிர்ப்பைப் பற்றி ஒரு சொல். மாணவர்கள் ஆசிரியரை மதிப்பிடும் முறை, ஆய்வுத் தரக் குறியீடு போன்றவை வரும்போது, இது பதவி உயர்வைத் தடுக்கத்தான் என்ற பேச்சு உடனே கிளம்பும். அந்தப் பேச்சு வரும் என்பதைப் பதிவேட்டில் எழுதி, முதல் ஆண்டுத் தரவு தனிநபர் மதிப்பீட்டுக்குப் பயன்படாது என்று சங்கங்களிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

வெளியார் சரிபார்ப்பு

தன் எண்ணைத் தானே சரிபார்ப்பதில் எல்லை உண்டு. ஆப்பிரிக்காவில் 2014 முதல் நடந்த உயர்கல்வி மேன்மை மையங்கள் திட்டத்தில் பணம் செலவுக் கணக்குக்காக மட்டும் தரப்படவில்லை. சேர்ந்த மாணவர், கிடைத்த பன்னாட்டு அங்கீகாரம், வெளியான ஆய்வுக் கட்டுரை, ஈட்டிய வெளி வருவாய் ஆகியவற்றை வெளியார் சரிபார்த்த பின் தரப்பட்டது. பயிர் இனப்பெருக்க அறிஞர்களை உருவாக்கக் கானா பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கிய மேற்கு ஆப்பிரிக்கப் பயிர் மேம்பாட்டு மையமும் இந்தத் திட்டத்தில் இடம்பெற்றது. இந்த முறையின் வலிமை, எண்ணைச் சொல்பவரும் சரிபார்ப்பவரும் வேறு வேறு என்பது. பலவீனமும் உண்டு. பலன் வந்த பிறகே பணம் என்றால், கையில் முதலில்லாத பல்கலைக்கழகம் பலனை உருவாக்கவே திணறும். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு முழுதாக இதைப் பொருத்த நான் சொல்ல மாட்டேன். மானியத்தில் ஒரு பங்கை முன்கூட்டித் தந்து, மறு பங்கைச் சரிபார்ப்போடு இணைப்பது தாங்கக்கூடியது.

வெளி நிறுவனத்துக்குப் பணம் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. அண்டை மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றோடு பரிமாறிக்கொள்ளுங்கள்: அவர்கள் நம் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் முப்பது பட்டதாரிகளைத் தேர்ந்து கூப்பிடுவார்கள், நாம் அவர்கள் பட்டியலில் அதையே செய்வோம். செலவு தொலைபேசிக் கட்டணம் மட்டுமே.

முடிவுத் தேதிக்கு முன்

இடைக்கால மதிப்பாய்வு நடுவில் வரும். அதுவரை நகராத பணியைக் கைவிட்டு, பணத்தை நகரும் பணிக்கு மாற்ற அதுவே கடைசி நல்ல வாய்ப்பு. கௌரவம் கருதி அதை விட்டுவிடாதீர்கள்.

திட்டம் முடிய பதினெட்டு மாதம் இருக்கும்போது பதிவேட்டில் புதிய பக்கம் ஒன்றைத் திறங்கள். திட்டம் தொடங்கிவைத்த ஒவ்வொன்றுக்கும் முடிவுத் தேதிக்கு மறுநாள் யார் பணம் கட்டுவார் என்று அதில் எழுத வேண்டும். கருவிகளின் ஏஎம்சி, மின்நூலகச் சந்தா, கற்றல் மேலாண்மை மென்பொருளின் உரிமக் கட்டணம், வேலைவாய்ப்புப் பிரிவில் இருக்கும் இரண்டு ஒப்பந்த ஊழியர்கள், பட்டதாரிகளைத் தொடர்ந்து விசாரிக்கும் தொலைபேசி வேலை. ஒவ்வொன்றுக்கும் ஆண்டுத் தொகையைப் போட்டுக் கூட்டி, பல்கலைக்கழகத்தின் சொந்த வருவாயில் எவ்வளவு தாங்கும், மாநில அரசிடம் எவ்வளவு கேட்க வேண்டும் என்று பிரியுங்கள். கேட்க வேண்டிய தொகை அடுத்த நிதிநிலை அறிக்கையில் இடம்பெற வேண்டுமானால், கருத்துரு செப்டம்பருக்குள் வேளாண் துறைச் செயலகத்துக்குப் போயாக வேண்டும். அந்தத் தேதியைக் கம்ப்ட்ரோலர் பெயரோடு பக்கத்தின் முதல் வரியாக எழுதுங்கள்.